“நான் சொன்னேன்னு சொல்லாதீங்க டீச்சர்”

போன ஐப்பசியில் மூன்று நாள் மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கு நோட்டுக் கட்டோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். மேஜையில் வைத்த பிறகும் போகவில்லை. என்னப்பா என்றேன். குனிந்தபடியே, “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க டீச்சர். அவன் பையைப் பாருங்க” என்றான்.

(கடலூரில் பத்தொன்பது வருடமாக அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பையன்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பையில் ஒரு ஆக்ஸா பிளேடு இருந்தது. ஒரு முனையில் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றியிருந்தான். ஒரு சுற்றுகூட விலகவில்லை, அத்தனை நேர்த்தி. என்னை உலுக்கியது அந்தச் சுற்றுதான். ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிய பையன் இல்லை இவன். மழை பெய்துகொண்டிருந்த ஏதோ ஒரு மாலையில், வீட்டில் தனியாக உட்கார்ந்து, நிதானமாகச் சுற்றியிருக்கிறான்.

அவனைப் பற்றி அதுவரை ஒரு புகார் வந்ததில்லை. சத்தம் போடுகிறவன், பெஞ்சைத் தட்டுகிறவன், காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவன் மேல்தான் எங்கள் கண் எப்போதும் இருக்கும். இவன் காலாண்டில் 31 எடுத்தான். அதற்கு முந்தைய தேர்வில் 78. இரண்டாவது பெஞ்சிலிருந்து ஜன்னலோரக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். மதியம் தனியாகச் சாப்பிட்டான். மூன்று பேர் அவனை ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது என் காதிலும் விழுந்திருக்கிறது. நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பெயரை எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தான். அந்த நோட்டைத் திருத்தியது நான்தான். ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கவனம் தேவைப்பட்டது எனக்கு.

விசாரித்தபோது தெரிந்தது, நான்கு பையன்களுக்குப் பத்து நாளாகவே விஷயம் தெரியும். “அரையாண்டுக்குள்ள பாருங்கடா” என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான்.

அமெரிக்காவில் ரகசியப் பாதுகாப்புப் படையும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை அங்கே பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. இப்படிப்பட்ட பையன்தான் செய்வான் என்று ஓர் அச்சு கிடையாது என்றது அது. நூற்றுக்கு 81 சம்பவங்களில் வேறு ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது, பெரும்பாலும் கூடப்படிக்கும் பிள்ளைக்கு. தாக்கியவர்களில் நூற்றுக்கு 78 பேர் தற்கொலையை நினைத்தவர்கள் அல்லது முயன்றவர்கள். அங்கே துப்பாக்கி, இங்கே அரிவாள். ஆனால் மற்றதெல்லாம் என் வகுப்பறை மாதிரியே இருந்தது.

சொல்கிற பிள்ளை ஏன் தயங்குகிறான் என்பதற்கு நாங்குநேரி போதும். 2023 ஆகஸ்டில், தொந்தரவு தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்த மாணவன், பள்ளியில் கேட்டபோது வாயைத் திறந்தான். அன்றிரவே அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து. சாதி அங்கே வேர். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்ததும், 2024 ஜூனில் அறிக்கை வந்ததும் அதற்குப் பிறகுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ‘கோள் சொல்லாதே’ என்று வளர்க்கிறோம். போட்டுக்கொடுப்பவன் என்ற பெயர் ஒன்பதாம் வகுப்பில் எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் அன்று பையை வகுப்பில் வைத்துத் திறக்கவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, மழைக்கு ஒழுகும் அறை என்று சாக்குச் சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பி, எல்லாப் பைகளையும் நகர்த்தினோம். சொன்னவன் பெயர் இன்றுவரை என்னையும் அவரையும் தாண்டவில்லை.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்கள் இரண்டு பேர். நான் சண்டை போட்டேன். வெளியே போனால் அந்தக் கோபமும் கூடவே போகும், பார்க்க ஆள் இருக்காது. அவன் அப்பாவுக்கு சிப்காட்டில் ஒப்பந்த வேலை, நைட் ஷிஃப்ட். யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்தவர் பிளேடைக் கையில் வாங்கி, அந்த ட்யூபைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் சைக்கிள் ட்யூப் அது. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் ஆறு முறை போனார்கள். அந்த மூன்று பேரின் பெற்றோரையும் கூப்பிட்டோம். பட்டப்பெயர் நின்றது. நிற்க இரண்டு மாதம் ஆனது.

பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098, மனநலத்துக்கு 14416. மூன்றையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அழித்தால் மறுபடி எழுதுகிறேன்.

இருவரும் இப்போது பத்தாம் வகுப்பு. நோட்டுக் கட்டை இப்போதும் அவன்தான் கொண்டு வருகிறான். வைத்துவிட்டு ஒரு நொடி கூடுதலாக நின்றால், நான் பேனாவை மூடிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறேன்.