ஆடிக்கு முன் ஒரு வீடு: தென்காசியில் வாடகைக்குத் தேடிய அனுபவம்

மாறுதல் ஆணை கைக்கு வந்தபோது வைகாசி முடிந்துவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பால் காய்ச்ச ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால், தென்காசியில் வீடு பிடிக்க ஆனி ஒரு மாதம்தான் அவகாசம். அதுவோ குற்றாலத்தில் சீசன் தொடங்கும் நேரம். அருவிக்கு வருபவர்களிடம் நாள் கணக்கில் வாடகை வாங்க முடியும் என்பதால், குற்றாலம் சாலையில் பூட்டிக் கிடந்த வீடுகளைக்கூட மாத வாடகைக்குத் தர உரிமையாளர்கள் தயங்கினார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, என்னைப் போல மாறுதலில் வந்து வீடு தேடுபவர்களும் கூடியிருந்தார்கள்.

முதல் வாரம் முழுவதும் டூ-லெட் பலகைகளைத் தேடித் தெருத்தெருவாக நடந்தேன். கண்ணில் பட்டவை நான்குதான். மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர்தான் காரணத்தைச் சொன்னார்: "தெரிஞ்சவங்க சொன்னாத்தான் இங்க வீடு குடுப்பாக, சார். போர்டு எதுக்கு மாட்டணும்?" அன்று முதல் மளிகைக் கடை, பால்காரர், இஸ்திரி போடுபவர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன், அடுத்த பத்து நாளில் ஏழு வீடுகள் பார்க்கக் கிடைத்தன.

அவற்றில் மூன்று வீடுகளில், வாடகையைப் பற்றிப் பேசும் முன்பே, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் என் மனைவியையும் மகளையும் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார்கள். சாதியைச் சொல்லித்தான் சாவி வாங்க வேண்டும் என்றால் அந்த வீடு வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முன்பே பேசி வைத்திருந்ததால், பதில் சொல்லாமல் திரும்பினோம். எட்டு வயது மகள் காரணம் கேட்டபடியே வந்தாள். அந்த மாதத்தில் எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

ஐந்தாவதாகப் பார்த்த வீடு எல்லா வகையிலும் பிடித்திருந்தது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்த பிற்பகல் அது. மேற்குச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை மனைவி சற்றே தூக்கிப் பார்த்தாள். அதன் பின்னால் சுண்ணாம்பு உப்பி, விரல் பட்டதும் ஈரமாகப் பொடிந்து உதிர்ந்தது. மழைக்காற்று மேற்கிலிருந்து வீசும் ஊரில் வெயில் நாளில் வீடு பார்த்துப் பயனில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம்.

கடைசியில் அமைந்தது, கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில், ஓர் ஆச்சியின் வீட்டு மாடி. வாடகை 7,500 ரூபாய்; அட்வான்ஸ் பத்து மாதம் என்றார். 2019 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது என்பதைப் பணிவாகவே சொன்னேன். வெளியூரிலிருந்த அவருடைய மகனிடம் தொலைபேசியில் பேசி, நான்கு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது என்றும் முடிவானது.

நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது மின்கட்டணம் பற்றித்தான். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு. எங்களுக்குத் துணை மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றார் ஆச்சி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை இணைப்புக்குத்தானே தவிர குடும்பத்துக்கு அல்ல. இரண்டு வீட்டுப் பயன்பாடும் ஒன்றாகச் சேரும்போது கட்டணப் படிநிலையும் ஏறிவிடும். ஆகவே, வருகிற பில் தொகையை இரு வீடுகளின் யூனிட் அளவுப்படி பிரித்துக்கொள்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

ஆனியின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினோம். துணை மீட்டரில் இருந்த எண்ணை ஆச்சியின் நோட்டிலும் என் நோட்டிலும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகு வண்டியிலிருந்து சாமான்களை இறக்கினோம்.