கட்டிலோரத்து அட்டைப்பெட்டி

இரவு 1.10 மணி. தரையில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை ஒரு அட்டைப்பெட்டிக்குள் விட்டிருந்தேன். என் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டு எங்கள் நாய்க்குட்டி சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தோள்பட்டை மரத்துப்போயிருந்தது. கையை எடுத்தால் விழித்துவிடுவாளோ என்று அசையாமல் கிடந்தேன். அவள் வீட்டுக்கு வந்த முதல் இரவு அது.

அன்றைக்கு அவளுக்கு வயது 8 வாரம். அன்று காலை வரை அம்மாவோடும் கூடப்பிறந்த ஐந்து பேரோடும் ஒரே குவியலாகக் கிடந்தவள். குட்டிகள் தூங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எது யாருடைய கால் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் அவற்றால் தம் உடல் சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ள முடியாது. ஒட்டிக் கிடந்தால்தான் உயிர். சூடு விலகினால் கத்த வேண்டும், கத்தினால் அம்மா வருவாள். கண் திறப்பதற்கு முன்பே உடம்பில் ஊறிய விஷயம் இது. அப்படிப்பட்ட குட்டியைத் தூக்கிவந்து, பழகாத வாசனையில், இருட்டில், தனியாகப் படுக்க வைத்தால் அழாமல் என்ன செய்யும்?

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மணி.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது மணி எங்கள் வீட்டுக்குக் குட்டியாக வந்தான். "முதல் நாளே பக்கத்தில் போட்டால் அதுவே பழக்கமாகிவிடும். அழுதாலும் யாரும் போகக் கூடாது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். சாமான் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்று இரவு அழுதான். குரல் கம்மிப்போகும் வரை அழுதான். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். நான்காம் இரவு சத்தமே இல்லை. "பார்த்தாயா, பழகிவிட்டான்" என்றார்கள். நானும் நம்பினேன். மணி 13 வருடம் எங்களோடு இருந்தான். எந்தக் கதவைச் சாத்தினாலும் எங்கிருந்தாவது எழுந்து வந்து அதன் முன்னால் நிற்பான். அதற்கும் அந்த மூன்று இரவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவன் அன்றைக்குப் பழகவில்லை, கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டான் என்றே இப்போது நினைக்கிறேன்.

சிட்டு வருவதற்கு முன் கொஞ்சம் படித்தேன். தனியாக விடப்பட்ட குட்டிகளின் அழுகையை எது குறைக்கிறது என்று பார்த்த ஓர் ஆய்வு 1977-இல் வெளிவந்திருக்கிறது. உணவு வைத்தால் அழுகை குறையவில்லை. மெத்தென்ற பொருள் ஓரளவு உதவியது. மனிதர் ஒருவர் கூட இருந்ததுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது. அதைப் படித்தவுடன் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி எனக்கு முடிந்துவிட்டது. கட்டிலோரம். நான் கையை நீட்டினால் எட்டும் தூரம்.

பெட்டிக்குள் ஒரு பழைய துண்டு. அதை அவளைக் கூட்டிவருவதற்கு ஒரு வாரம் முன்பே கொண்டுபோய்க் கொடுத்து, அவளுடைய அம்மா படுக்கும் இடத்தில் போடச் சொல்லியிருந்தேன். துவைக்காமல் அப்படியே எடுத்துவந்தேன். முதல் இரவு அவள் மூக்கை அதற்குள் புதைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, இந்த ஒரு வேலையையாவது சரியாகச் செய்தோம் என்று இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றி ஓரத்தில் வைத்தேன், சூடு அதிகமானால் விலகிப் படுக்க இடம் விட்டு. டிக் டிக் என்று ஓடும் கடிகாரம் அம்மாவின் நெஞ்சுத்துடிப்பு போல இருக்கும் என்பார்கள். அதையும் வைத்துப் பார்த்தேன். சிட்டு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம் மூத்திரம். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். ஆகவே 11 மணிக்கு ஒருமுறை வெளியே விட்டுப் படுக்க வைத்து, 1.45-க்கும் 4.30-க்கும் அலாரம் வைத்தேன். அவள் அழுது எழுப்புவதற்கு முன் நான் எழுந்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். தூக்கிக்கொண்டு போவேன், நடக்க விட்டால் வாசலைத் தாண்டுவதற்குள் ஒன்றுக்கு இருந்துவிடுவாள். தினமும் அதே மூலை. தடுப்பூசிகள் முடியாததால் வீட்டு எல்லையைத் தாண்டுவதில்லை. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மற்ற நாய்கள் வந்துபோகும் தெருவில் அவளை இறக்க எனக்குத் துணிவில்லை. பெரிய விளக்கு போட மாட்டேன், பேச மாட்டேன். இருந்து முடித்ததும் காதோரம் மெல்ல ஒரு "சமத்து", திரும்பவும் பெட்டி.

இந்தப் பேசாமல் இருப்பதில்தான் ஒருமுறை சறுக்கினேன். ஒன்பதாம் நாள் விடியற்காலை என் துப்பட்டா நுனியைக் கவ்வி இழுத்தாள். தூக்கக் கலக்கத்திலும் அவ்வளவு ஆசையாக இருந்தது, ஐந்து நிமிடம் விளையாடிவிட்டேன். மறுநாள் அதே 4.30-க்கு வாலை ஆட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவளுக்கு அது விளையாட்டு நேரம் என்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதை மாற்ற நான்கு இரவு ஆனது. ஒவ்வொரு இரவும் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

எல்லா அழுகையும் ஒன்றல்ல என்பதும் போகப் போகத் தெரிந்தது. படுத்தவுடன் வரும் முனகல் இழுத்து இழுத்து, நடுவில் நின்று நின்று வரும். கையை வைத்தால் அடங்கிவிடும். மூத்திரம் முட்டும்போது வருவது வேறு: குரல் குட்டையாக, அவசரமாக, கூடவே பெட்டியைப் பிராண்டும் சத்தமும் இருக்கும். மூன்றாவது வகை ஒரே ஒரு இரவு வந்தது. கை வைத்தும் அடங்கவில்லை, வெளியே விட்டும் அடங்கவில்லை, வயிறு போய்க்கொண்டே இருந்தது. காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக மருத்துவரிடம் போய் நின்றேன். குடற்புழு. மருந்து கொடுத்ததும் இரண்டே நாளில் சரியானது.

பகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலையில் நன்றாக ஓடவிட்டுக் களைக்க வைத்தால் இரவு தூங்குவாள் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. இந்த வயதில் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பகல் தூக்கம் கெட்டால், அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் கைக்குழந்தை போலத்தான், கடித்துக் குதறிவிட்டுப் படுக்கவும் தெரியாமல் தவிப்பாள். இப்போது ஒரு மணி நேரம் விழித்திருந்தால் தூக்கிப் பெட்டியில் விட்டுவிடுகிறேன். இரவு தானாகவே எளிதானது.

பக்கத்தில் படுக்க வைத்தால் காலமெல்லாம் அப்படியே கேட்கும் என்ற பயம் என் கணவருக்கும் இருந்தது. பதினோராம் நாளிலிருந்து இரண்டு இரவுக்கு ஒருமுறை பெட்டியை அரை முழம் நகர்த்தினோம். கை எட்டாமல் போனபோது குரல் போதுமானதாக இருந்தது. பிறகு நான் புரண்டு படுக்கும் சத்தமே போதுமானதாக இருந்தது. நடுவில் ஒருமுறை மிகவும் முனகினாள். பழைய இடத்துக்கே திரும்பி, இரண்டு நாள் விட்டு மறுபடி தொடங்கினோம்.

அம்மாவிடம் இதையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எனக்கும் அந்த மூணு நாளும் தூக்கமில்லடி. அப்ப எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார். மணியின் பெயரை இருவருமே சொல்லவில்லை.

நேற்றோடு 33 நாள். பெட்டி இப்போது அறை வாசலில் இருக்கிறது. ஒரு வாரமாக அலாரம் வைப்பதில்லை, 11 மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் கூப்பிடுகிறாள். நேற்று மூன்று மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்தது. கை பழக்கத்தில் கீழே போய்த் தரையைத் தொட்டது. எழுந்து உட்கார்ந்து காது கொடுத்தேன். வாசல் பக்கமிருந்து அட்டையில் நகம் உரசும் சின்னச் சத்தம். கனவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தாள்.