வினாத்தாள் குடுக்கிற ரீச்சர்மாருக்கு

மட்டக்களப்புப் பாடசாலைகளில எஸ்.டி.கியூ (SDQ, பிள்ளையளின்ர மனநலம், நடத்தையைப் பார்க்கிற) வினாத்தாள் நிரப்புவிக்கிற ரீச்சர்மார் ஒருக்கா கவனியுங்கோ. பிள்ளை தானே நிரப்புற படிவம் 11 முதல் 17 வயசுக்கு. 25 வசனம், கடந்த 6 மாதத்தைப் பற்றி.

புள்ளி கூட்டேக்க பிழைக்கிற இடம் 7, 11, 14, 21, 25 ஆம் வசனங்கள். இதுகள் நல்ல குணத்தைக் கேக்கிறதால புள்ளியைத் திருப்பிப் போடோணும்: 'உண்மையில்லை' 2, 'நிச்சயமாக உண்மை' 0. மறந்தால் ஒரு பிரச்சினையுமில்லாத பிள்ளைக்கும் 10 புள்ளி ஏறிரும். உதவும் மனப்பான்மை பற்றின 5 வசனத்தையும் மொத்தத்தில சேர்க்கக்கூடாது. மிச்சம் 20 வசனம், உச்சப் புள்ளி 40.

இன்னொண்டு. அலுத்துப்போய் எல்லாத்துக்கும் நடுக்கட்டத்தில ('ஓரளவு உண்மை', 1 புள்ளி) புள்ளடி போட்ட பிள்ளைக்குச் சரியா 20 வரும். பழைய மூன்று பிரிவு அட்டவணையில 20 எண்டாலே பிரச்சினை கூடின உயர்ந்த பிரிவு! ஆகவே தாளைப் பார்க்காமல் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து அனுப்பாதேங்கோ.

ஒரே வாங்கில நெருக்கி இருத்தினால் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்கும், உண்மை வராது. வகுப்பாசிரியரே தாளைச் சேர்த்தாலும் அப்படித்தான்.

தற்கொலை எண்ணம் பற்றி இதில கேள்வியே இல்லை. புள்ளி குறைவு எண்டு விட்டிராமல், சந்தேகமெண்டால் தனியக் கூப்பிட்டு நேரே கேளுங்கோ. அவசரத்துக்கு 1926 மனநல உதவி இலக்கம்.