பால் குடுத்தா வயிறு ஏன் இழுக்குது?

தங்கச்சிக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்திருக்கு, பால் குடுக்க உக்காந்தாலே அடிவயிறு சுருக்குனு இழுக்குதுன்னு பல்லைக் கடிக்கிறா, சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுல பத்தியச் சாமான் வாங்கிட்டு வந்த அம்மா பயந்தே போயிட்டாங்க. எல்லாம் ஆக்ஸிடோசின்ங்கிற ஹார்மோன் வேலைதான்மா. பிள்ளை சப்பச் சப்ப மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அதை ரத்தத்துல விடுது, அது பாலையும் இறக்குது, கர்ப்பப்பை தசையையும் சுருங்க வைக்குது, அந்த இறுக்கத்துல ரத்தக்குழாய் நெரிஞ்சு உதிரப்போக்கு குறையுது, அதனால நல்லதுக்குத்தான். ரெண்டாவது பிரசவத்துல இந்த வலி பொதுவா கூடத்தான் இருக்கும். மாசமா இருக்கிறப்ப புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் கர்ப்பப்பை தசையை அடக்கி வச்சிருக்கும், கடைசியில ஈஸ்ட்ரோஜன்ங்கிற இன்னொரு ஹார்மோன் கை ஓங்கி, தசையில ஆக்ஸிடோசினைப் பிடிச்சுக்கிற ரிசெப்டர் எக்கச்சக்கமா பெருகிடும். பீரியட்ஸ் வலியும் கர்ப்பப்பை சுருங்கறதுதான், ஆனா அதுக்கு முக்கிய ஆள் புரோஸ்டாகிளாண்டின்ங்கிற வேற ஒரு ரசாயனம், அது உருவாகறதையே தடுக்கறதாலதான் இபுபுரோஃபென் வலி மாத்திரை போட்டா கேக்குது.