மாமா பிறந்தது எந்த வருஷம்?

ஒவ்வொரு டிசம்பர் 31-ஆம் தேதியும் எங்கள் வீட்டில் சண்டை உண்டு. எல்லாம் ஒரு அரை மணி நேரத்துக்காக.

1981 வரை தீபகற்ப மலேசியாவுக்கு ஒரு நேரம்; சபா, சரவாக்குக்கு அதைவிட அரை மணி கூடுதல். நாடு முழுக்க ஒரே நேரம் இருக்கட்டும் என்று மகாதீர் அரசாங்கம் முடிவெடுத்தது. அந்த வருஷம் டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12-க்குத் தள்ளினார்கள். 1982 பிறந்தது. ஆக, 11.45 என்று ஒரு நேரம் அன்றைக்கு இங்கே வரவே இல்லை.

அந்த வராத நேரத்தில்தான் என் தாய்மாமா பிறந்தார்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரி. அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் சுவர்க் கடிகாரத்தைத் திருப்ப மறந்துவிட்டார். (பிரசவ அவசரத்தில் யாருக்கு மகாதீர் ஞாபகம் வரும்?) பிள்ளை அழுதபோது அதில் 11.45. எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படி ஒரு நேரமே இல்லம்மா" என்று 12.15 ஆக்கி, தேதியையும் ஜனவரி 1 என்று எழுதிவிட்டார். மாமாவின் ஐசி (அடையாள அட்டை) எண் 820101 என்று ஆரம்பிக்கும்.

அந்த டிசம்பர் 31 சாயங்காலம் அடுத்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) பிறந்த பையன் 1988-இல் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். மாமா 1989-இல். அவன் சட்டாம்பிள்ளையாகி மாமாவின் பெயரைக் கரும்பலகையில் எழுதியதைப் பாட்டி இன்னும் மன்னிக்கவில்லை. ஜோசியர்களில் ஒருவர் சிம்ம லக்னம் என்றார், இன்னொருவர் கன்னி என்றார். பெண் பார்க்கப் போகும்போது எது பொருந்துகிறதோ அந்த ஜாதகத்தைக் கொண்டு போனார்களாம்.

பாட்டிக்கு இது மானப் பிரச்சினை. புது மணிப்படி விடிகாலைப் பெரட்டுக்கு (எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுப்புக்கு) போனால் இருட்டில் மரமே தெரியாதாம். "ஜப்பான்காரன் ஒன்றரை மணி நேரத்தை எடுத்தான். அவன்கூட போறப்ப திருப்பிக் குடுத்துட்டுப் போனான். இவங்க எடுத்த அரை மணி இன்னும் வரல" என்பார். 1942-இல் மலாயாவில் டோக்கியோ நேரம் வந்ததும், 1945-இல் பழைய நேரம் திரும்பியதும் அவர் அப்பா சொன்ன கதை. அதனால் எங்கள் அடுப்படிக் கடிகாரத்தில் மட்டும் பழைய மணிதான்.

போன டிசம்பர் 31. பன்னிரண்டுக்கு வெளியே வாணவேடிக்கை. மாமாவின் பிறந்தநாள் கேக்கை வெட்டப் பாட்டி கத்தியைக் கொடுக்கவில்லை. "மணி பதினொன்றரைதான். பதினொன்னே முக்காலுக்கு வெட்டலாம், இன்னைக்குத் தேதி முப்பத்தொண்ணு."

சரி, காத்திருந்தோம். ஐஸ்கிரீம் கேக் வியர்க்க ஆரம்பித்தது.

"மணி என்ன பாட்டி?"

எட்டிப் பார்த்தார். "இன்னும் ஏழு நிமிஷம்."

சின்னவள் சோபாவில் தூங்கிப்போனாள். மறுபடி கேட்டோம். "ஏழு நிமிஷம்." கேக்கில் இருந்த பெயர் கரைந்து தட்டில் ஓடியது. மூன்றாவது தடவையும் ஏழு என்றபோதுதான் மாமா எழுந்து போய்ப் பார்த்தார். நொடி முள் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி காலி. கைப்பேசியில் 12.40.

அதாவது பாட்டி கணக்கிலேயே 12.10. ஜனவரி ஒன்று! கிராணி ஜெயித்துவிட்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மாமா டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டார். பாட்டியைப் பார்த்தார். அப்புறம் முள்ளைத் திருப்பிச் சரியாக 11.45-இல் வைத்தார்.

"மணியாச்சும்மா, கத்தியக் குடு."

அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் ஐம்பத்தைந்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது.