வரிக்குள் வரும் கணக்கு: டாலரா, அடைப்புக்குறியா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கோப்பு அலுவலகத்தில் தமிழ்ப்பள்ளிக் கணிதப் பயிற்சி நூல்களை ஸீலாடெக்கில்தான் தயாரிக்கிறோம். குறிகள் இட்டு எழுதிய கோப்பை அச்சுப் பக்கமாக மாற்றும் லாடெக் மென்பொருளின் ஒரு வகை அது. வரிக்கு நடுவே வரும் கணக்கை அதில் இரண்டு விதமாக எழுதலாம்: $3+4$ அல்லது \(3+4\). அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே வரும். ஆனாலும் இரண்டாவதுதான் வேண்டும் என்று விடாமல் சொல்லி வருகிறேன்.

டாலர் குறி, லாடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய டானல்ட் கனூத் வைத்தது. கணிதம் கோப்பது செலவு பிடிக்கும் வேலை என்பதால் அந்தக் குறியாம். அதில் திறப்பதும் மூடுவதும் ஒன்றே. எது எது என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் இது கூடுதல் தொல்லை. நாம் கணக்கின் வாலிலேயே வேற்றுமை உருபை ஒட்டுகிறோம் அல்லவா?

ஒரு முறை வெளியிலிருந்து வந்த கோப்பில் "$3+4$-ஐயும் $5+6$-ஐயும் ஒப்பிடுக" என்று இருக்க வேண்டிய வரி. சிறுகோட்டை மொத்தமாக நீக்கப் போன யாரோ, அதன் முன்னிருந்த டாலரையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். மிஞ்சியது "$3+4ஐயும் $5+6ஐயும் ஒப்பிடுக". இரண்டு டாலரும் ஜோடி சேர்ந்துவிட்டதால் பிழையே காட்டவில்லை. கணித எழுத்துருவில் தமிழ் கிடையாது. முதல் 'ஐயும்' மாயமானது, இடைவெளியும் போனது. அச்சில் வந்தது: 3+45+6ஐயும் ஒப்பிடுக. மென்பொருள் தன் வேலையைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. அத்தனை வரிகளுக்கு நடுவே அது யார் கண்ணில் படும்? மெய்ப்புப் பார்க்கும் அக்கா பிடித்துவிட்டார். இல்லாவிட்டால் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று இல்லாத கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கும்.

அதுவே \( \) என்று இருந்திருந்தால், முதல் கணக்கு மூடாமல் இரண்டாவது \( வந்ததுமே லாடெக் பிழை காட்டி அந்த வரியில் நின்றிருக்கும்.

எங்கள் மூத்த அண்ணன் ஒருவர் இன்னும் டாலர் பக்கம்தான். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: ஒரே எழுத்தில் வேலை முடிகிறது, மூலக் கோப்பைப் படிக்கவும் சுலபம். முன்பு பாடத் தலைப்புக்குள் \( போட்டால் உடைந்துபோகும், 2015-இல்தான் லாடெக்கின் மையத்திலேயே அதைச் சரிசெய்தார்கள்.

பழைய கோப்புகளை மறுபதிப்பு வரும்போது மாற்றுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. ரிங்கிட்டுக்கும் $ போட்ட காலத்து விலைக் கணக்குகளில், அச்சில் டாலர் குறியாகவே வர வேண்டிய \$ இருக்கும். தனி வரியில் நிற்கும் கணக்குக்குச் சிலர் $$ போட்டிருப்பார்கள், அது \[ \] ஆக வேண்டும். இவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஸ்கிரிப்ட் எனும் சிறு நிரல் பத்தி பத்தியாக மாற்றும். டாலர் ஒற்றைப்படையாக நிற்கும் பத்தியையும், இரட்டைப்படையாக இருந்தும் கணக்குக்குள் தமிழ் எழுத்து சிக்கிய பத்தியையும் அது தொடாமல் விட்டுவிடும். அவற்றை நாங்கள் உட்கார்ந்து படிக்கிறோம்.