ஒன்பது வரிக் கொட்டேஷனும் ஒரு வாய்மொழித் தொகையும்

கோத்தகிரிக்கும் அரவேணுவுக்கும் இடையில், தார்ச்சாலையிலிருந்து பிரிந்து தேயிலைத் தோட்டத்தினூடே அரைக் கிலோமீட்டர் இறங்கும் பாதையின் முடிவில் எங்கள் வீடு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையின் மண் கரைந்து கற்கள் பெயர்ந்துவிடும் என்பதால், 2008-இல் வாங்கிய எங்கள் சிறிய கார் அடிப்பாகம் உரசாமல் வீடு வந்து சேரும் நாள்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தன. 2024 ஜூன் மாதத்தில், தரையிலிருந்து சற்று உயரமாக நிற்கும் ஒரு புதிய எஸ்.யு.வி.யை முன்பதிவு செய்தோம். அந்த மாடல் அப்போது வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தது. வாங்க வரிசை நின்றது. அந்த நிறுவனத்துக்கு மலையில் ஷோரூம் இல்லாததால் கோயம்புத்தூரில் ஒரு டீலரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் பெயர் இங்கே தேவையில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பதிவியல் நடத்துபவள். எந்தத் தொகையும் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்குவேன்.

முன்பதிவுத் தொகையான 21,000 ரூபாயை டீலரிடம் நேரில் கட்டாமல், நிறுவனத்தின் இணையதளத்திலேயே செலுத்தி, அந்த டீலரைத் தெரிவு செய்தேன். இதனால் என் பெயரும் தேதியும் டீலரின் நோட்டில் மட்டுமின்றி நிறுவனத்தின் பதிவேட்டிலும் ஏறின. அப்போது அது தற்செயலாகச் செய்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே பிடிமானமாக அமைந்தது.

ஏழு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகஸ்டில் விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் அழைத்து, யாரோ ரத்து செய்த வண்டி ஒன்று இருப்பதாகவும், நாங்கள் கேட்ட அதே வெள்ளை நிறம் என்றும், இரண்டு வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். “ஆனா மேடம், அறுபதாயிரம் தனியா வரும். பில்லுல வராது” என்றார். ரசீது கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தத் தொகைக்கு ஒரு பெயராவது சொல்லுங்கள் என்றதற்கு, “டிமாண்ட் மேடம், வேற என்ன பேரு” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வழக்கமான கொட்டேஷனை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன்.

வந்த கொட்டேஷனில் ஒன்பது வரிகள் இருந்தன. எக்ஸ்-ஷோரூம் விலை 12,40,000, வாழ்நாள் வரி 2,23,200, டி.சி.எஸ். 12,400; பதிவுச் செலவு 12,500; இன்சூரன்ஸ் 68,900; ‘எசென்ஷியல் கிட்’ 38,500; கோட்டிங் 18,000; ஹேண்ட்லிங் சார்ஜ் 15,000; நீட்டிக்கப்பட்ட வாரன்டி 27,000. மொத்தம் 16,55,500 ரூபாய்.

முதல் மூன்று வரிகளில் பேச ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்தபோது, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு அது 18 சதவீதம் ஆனது. கணக்கு சரியாகவே இருந்தது. டி.சி.எஸ். என்பது 10 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு விற்பவர் பிடித்து நம் பான் எண்ணில் செலுத்தும் ஒரு சதவீத வருமான வரி. அதை நம் கணக்குத் தாக்கலில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால் அதைச் செலவாகக் கருத வேண்டியதில்லை. மீதி ஆறு வரிகளில்தான் அதே ‘டிமாண்ட்’ வேறு வேறு பெயர்களில் உட்கார்ந்திருந்தது.

டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகன் இதைக் கேட்டுவிட்டு, அங்கேயும் இதே கதைதான் என்றான். அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நிறுவனம் குறித்த விலைத்தாள் புதிய காரின் கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2021, 2022-இல் சிப் தட்டுப்பாட்டால் உற்பத்தி குறைந்தபோது, டீலர்கள் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி, ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று எழுதிச் சில ஆயிரம் டாலரைக் கூட்டினார்களாம். அவனும் கொடுத்திருக்கிறான். அங்கே அதை முகத்துக்கு நேராக எழுதி ஒட்டுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு வகையில் பொறாமையே வந்தது. இங்கே அதைத் தரைவிரிப்பாகவும் மெழுகுப் பூச்சாகவும் மாற்றித் தருகிறார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் டீலரின் பொது மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரியையும் அதில் சேர்த்தேன். கோபமாக எழுதவில்லை. என் முன்பதிவு எண்ணைக் கொடுத்து, இந்த ஆறு வரிகளில் எவை கட்டாயம், எவை என் விருப்பம், கட்டாயம் என்றால் எந்த விதியின்படி என்று மட்டும் கேட்டேன். ஒரு பொருளை விற்பதற்கு இன்னொரு பொருளையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை வைப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தடுக்கப்பட்ட வணிக நடைமுறைகளுள் ஒன்று என்பதைக் கடைசியில் ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டேன்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது, ஆனால் தொலைபேசியில். ஆக்சஸரீஸ் இல்லாமல் பில் போட சிஸ்டமே ஏற்காது என்று மேலாளர் சொன்னார். இப்படிப்பட்ட பதில்கள் எழுத்தில் வருவதில்லை என்பதை அப்போது புரிந்துகொண்டேன். ஆகவே பேச்சு முடிந்த பத்தாவது நிமிடத்தில், “இன்று மாலை 4.20-க்குத் தாங்கள் தொலைபேசியில் கூறியபடி, ஆக்சஸரீஸ் இன்றி விற்பனைப் பில் போட இயலாது என்பதை அறிந்தேன், இது தவறான புரிதல் எனில் திருத்தவும்” என்று இன்னொரு மின்னஞ்சலை அதே முகவரிகளுக்கு அனுப்பினேன். மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரையும் பதிந்தேன்; ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் கொடுப்பதால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போயிருக்கலாம். இந்த விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். போக வேண்டியிருக்கவில்லை. என் கணிப்பில், உதவி எண்ணைக் காட்டிலும் அந்த இரண்டாவது மின்னஞ்சலே வேலை செய்தது. மூன்றாம் நாள் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் என்னை அழைத்தார், அதன் பின் கிட்டும் கோட்டிங்கும் ‘வாடிக்கையாளர் விருப்பம்’ என்று டீலரிடமிருந்து எழுத்திலேயே வந்தது.

கிட் என்பதைப் பிரித்துக் கேட்டபோது, அதில் இருக்கை உறை, கதவோரக் கீற்று, கார் வாசனைத் திரவியம், ஒரு குடை ஆகியவை இருந்தன. தரைவிரிப்பும் மட்-ஃபிளாப்பும் மட்டும் 5,800-க்கு எடுத்துக்கொண்டேன். கோட்டிங்கில் மேலே பூசும் டெஃப்ளானை விட்டுவிட்டு, அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சை மட்டும் 6,500-க்கு வைத்துக்கொண்டேன். சமவெளிக்காரர்களுக்கு அது தேவையோ இல்லையோ, பாதி ஆண்டு ஈரம் காயாத எங்கள் ஊரில் பழைய காரின் அடிப்பாகம் என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாரன்டித் தொகை நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த அதே தொகை என்பதால் அதில் கை வைக்கவில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டதற்கு, வண்டியைக் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவதற்கு என்றார்கள். விற்கும் இடத்துக்குச் சரக்கைக் கொண்டுவருவது விற்பவரின் செலவு என்று பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அந்த வரி மறைந்தது. பதிவுச் செலவுக்கு விவரம் கேட்டதில், சட்டப்படியான பதிவுக் கட்டணம் 600, வண்டிக் கடனைப் பதிவுச் சான்றில் குறிப்பதற்கு 1,500, சாலைப் பாதுகாப்பு வரி, தற்காலிகப் பதிவு, முகவரின் அலைச்சல் என்று எல்லாம் கூட்டியும் 7,400-க்கு மேல் போகவில்லை. உயர் பாதுகாப்பு எண் பலகைக்கு என்று ஒரு தொகையும் உள்ளே இருந்தது. 2019 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளுக்கு அதைத் தயாரிப்பாளரே வண்டியோடு தர வேண்டும் என்பதைச் சுட்டியதும் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இன்சூரன்ஸ்தான் உண்மையான போராட்டம். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான எஞ்சினுக்கு அதன் பிரீமியம் வரி நீங்கலாக 10,640 ரூபாய் என்று அப்போது அரசே நிர்ணயித்திருந்ததால், யாரிடம் வாங்கினாலும் அதில் வேறுபாடு வராது. வேறுபடுவது ஓராண்டுச் சொந்தச் சேதக் காப்பீடும் அதோடு சேரும் ஆட்-ஆன்கள் என்ற கூடுதல் பாதுகாப்புகளும்தான். வண்டியின் காப்பீட்டு மதிப்பை இரு பக்கமும் 11,78,000 என்றே வைத்து, தேய்மானக் கழிவின்மை, எஞ்சின் பாதுகாப்பு, முழு விலை ஈடு என்ற அதே மூன்று ஆட்-ஆன்களோடு வெளியில் கேட்டபோது, டீலர் சொன்ன அதே காப்பீட்டு நிறுவனமே 49,300-க்குத் தந்தது. மதிப்பைக் குறைத்து மலிவாகக் காட்டும் கொட்டேஷன்களும் வந்தன, அவற்றை ஒதுக்கினேன். வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே பணிமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி, கிடைக்காது என்று டீலர் தரப்பில் பயமுறுத்தினார்கள். கேஷ்லெஸ் என்பது பாலிசி எங்கே விற்கப்பட்டது என்பதைப் பொறுத்ததன்று, காப்பீட்டு நிறுவனத்துக்கும் பணிமனைக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த நிறுவனத்தின் பணிமனைப் பட்டியலில் இதே டீலரின் சர்வீஸ் சென்டர் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.

வெளியில் காப்பீடு எடுக்கச் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வேண்டும். அவை டீலரின் கையில் இருக்கின்றன. அவற்றைத் தராமல் இழுப்பதுதான் அவர்களிடம் எஞ்சியிருந்த கடைசி ஆயுதம். நவம்பர் கடைசியில் வண்டி வந்துவிட்டது என்று சொன்னார்கள். எண்கள் கேட்டால் நாளை, நாளை மறுநாள் என்றார்கள். நான் அஞ்சியது வேறொன்றுக்கு: முன்பதிவுப் படிவத்தில் ‘டெலிவரி நாளில் நிலவும் விலையே செல்லும்’ என்று ஒரு வரி இருக்கிறது, ஜனவரியில் கார் நிறுவனங்கள் விலையை உயர்த்துவது வழக்கம். இழுபறி டிசம்பரைத் தாண்டினால் நான் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அப்படியே போய்விடும். மூன்றாவது நினைவூட்டல் மின்னஞ்சலுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எண்கள் வந்தன. கோவையில் இருக்கும் என் தம்பி அன்று ஆறு மணிக்குள் பாலிசியை எடுத்துவிட்டான். மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், அவனே கிடங்குக்குப் போய் வண்டியையும் டயர்களில் அச்சிட்டிருந்த தயாரிப்பு வாரத்தையும் பார்த்து வந்தான்.

கடைசிக் கணக்கு 15,71,600 ரூபாய். முதல் கொட்டேஷனைவிட 83,900 குறைவு. பில்லில் வராத அறுபதாயிரம் தனி. அதற்கு விலையாக, இரண்டு வாரத்தில் வந்திருக்கக்கூடிய வண்டிக்காக ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை காத்திருந்தோம், அந்த மழைக்காலம் முழுவதும் பழைய காரை மேலே சாலையோரம் நிறுத்திவிட்டு மளிகைப் பையோடு நடந்தோம். என் மாமனார் ஒரு நாள் பாதையில் வழுக்கி மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டபோது, கொடுத்துத் தொலைத்திருக்கலாமோ என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது.

டெலிவரி நாளில் மாலை, எலுமிச்சம்பழம், ஒரு சாக்லேட் பெட்டி ஆகியவற்றுக்கு ‘டெலிவரி கிட்’ என்று 1,200 ரூபாய் கேட்டார்கள். எதிர்க்க வாய் திறந்தேன். கையில் கற்பூரத்தோடு மாமனார் நின்றுகொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

வண்டி தற்காலிக எண்ணோடு இருந்ததால், நீலகிரிப் பதிவான டி.என்.43 வண்டிகளுக்குத் தேவைப்படாத, வெளியூர் வண்டிகள் மலையேற எடுக்க வேண்டிய இ-பாஸை எங்கள் வீட்டுக்குப் போக நாங்களே எடுத்து, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் காட்டிவிட்டு ஏறினோம். ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு ஒரே காலையில் முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த விற்பனைப் பிரதிநிதி அழைத்தார். நிறுவனத்திலிருந்து கருத்துக் கேட்டு அழைப்பு வரும் என்றும், பத்துக்குப் பத்து சொல்லாவிட்டால் தம் இன்சென்டிவ் போய்விடும் என்றும் சொன்னார். “ஏற்கனவே உங்க வண்டியில ஆக்சஸரீஸ், இன்சூரன்ஸ் ரெண்டு டார்கெட்டும் எனக்குப் போச்சு மேடம்” என்றார்; குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். வண்டியின் மீது டீலருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு, ஆதாயமெல்லாம் இந்த இரண்டிலும் கடனிலும்தான், அதன் சுமை இறங்குவது இவரைப் போன்றவர்களின் மாதச் சம்பளத்தில் என்பதையும் அன்றுதான் அவரிடம் விவரமாகக் கேட்டேன். நிறுவனத்திலிருந்து அழைத்த பெண்ணிடம், பிரதிநிதியின் நடத்தைக்குப் பத்து என்றும், விலை விவரம் தெளிவாகச் சொல்லப்பட்டதா என்ற கேள்விக்கு இரண்டு என்றும் சொன்னேன். இரண்டாவதற்குக் காரணம் கேட்டார். இருபது நிமிடம் ஆனது.